ஒரு சிரட்டைப் பூசணம்

நான் ஓர் ஆராய்ச்சியாளன். இந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னால் என் மனைவி ஸரீனா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சிரிப்பதற்கு அவளுக்கு அங்கேதான் வசதி. ஆனாலும் அரசாங்க முத்திரை குத்திய கடிதம் என்னிடம் இருக்கிறது. தோல்வியடைந்த ஆராய்ச்சியாளன் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

மற்றபடி நான் பேராதனைப் பொறியியல் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். மாத்தளையிலிருந்து காலை ரயிலில் போய், மாலை ரயிலில் திரும்பி வருகிறவன். எஸ்.எஸ்.சி. பரீட்சையை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் அது என்னைத் தோற்கடித்தது. மூன்றாம் முறை நான் அதை மன்னித்து விட்டுவிட்டேன்.

அதே ரயிலில் வருவார் விரிவுரையாளர் உருத்திரமூர்த்தி. எனக்கு அவர் ‘சேர்’. யாழ்ப்பாணத்துக்காரர், மாத்தளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ரயில் ஜன்னலுக்கு வெளியே எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு சில்லும் அச்சும் பூட்டி வரைந்துவிடுவார். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்குவளையில் இருக்கும் என் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1969ஆம் ஆண்டு.

ராத்தா உம்மு குல்தூமுக்கு இரண்டு ஏக்கர் கொக்கோத் தோட்டம். மச்சான் முஹம்மது நட்டு வளர்த்த மரங்கள். அவர் மௌத்தாகி, ராத்தா தனியாளாகி நான்கு வருஷம். கொக்கோவுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. வருஷமெல்லாம் சும்மா இருந்துவிட்டு, நவம்பர் டிசம்பரில் கொட்டும் மழைக்குள் எல்லாக் காயும் ஒன்றாகப் பழுக்கும். உடைத்து, கொட்டையை வாழை இலைக்குள் புளிக்க வைத்து, கழுவி, வெயிலில் காயப்போட வேண்டும். வெயில் எங்கே? மழை விடும்போது கொட்டையில் வெள்ளைப் பூசணம் விட்டிருக்கும். வாங்க வருகிற முதலாளி கத்தியால் ஒரு கொட்டையை இரண்டாகப் பிளந்து பார்ப்பார். பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பற்றிப் பேசுவார்.

“இந்த வருஷமும் இப்படியே போச்சின்னா,” என்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள் ராத்தா, “அவ்வளவு மரத்தையும் வெட்டிட்டு ரப்பர் வெக்கப் போறேன். சாமானுக்கு நல்ல வெலை வந்தும் நான் மூட்டைய அள்ளிக் குழியில கொட்டுறதா? அந்த மனுஷன் வெச்ச மரம் வருஷா வருஷம் அழுகுறத பாக்க எனக்கு ஏலாது.”

சேர் சாப்பிட்ட கையைக் கழுவாமலே பென்சிலை எடுத்தார். நான்கு தார் பீப்பாய்கள், ஒன்றோடொன்று பொருத்தியது. உள்ளே உமி எரியும். புகை குழாய் வழியாக வெளியே போகும், சூடு மட்டும் மேலே ஏறி, கம்பிவலைத் தட்டில் பரப்பிய கொட்டையைக் காய வைக்கும். “அக்கா, மழை பெய்யட்டும். நாங்கள் அதுக்குக் கீழை காயப்போடுவம்,” என்றார்.

சொல்வது சுலபம். தகரமும் குழாயும் பெர்மிட் இல்லாமல் கிடைக்காத காலம் அது. விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் மானியம் தருகிறது, அதைத் தரும் ஊக்குவிப்புச் சபையின் கடிதம் இருந்தால் இரும்பும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுச் சேர் விண்ணப்பித்தார். ஒன்பது பிரதிகள். ஒரு மாதத்தில் பதில் வந்தது. அதை ரயிலில் எனக்கு வாசித்துக் காட்டினார்.

“தங்கள் திட்டம் மெச்சத்தக்கது. எனினும் இம்மானியம் போட்டி அடிப்படையில் வழங்கப்படுவது. தாங்கள் ஒருவரே விண்ணப்பித்துள்ளீர்கள். தாங்கள் தங்களையே வென்றதாகக் கொள்ள விதிகளில் இடமில்லை. குறைந்தது மூவர் தேவை. பதினான்கு நாட்களுக்குள் போட்டியை ஏற்பாடு செய்து அறியத்தருக.”

வத்தேகமத்தில் ரயில் நின்றது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நுஹ்மான், நீர் எனக்கு எதிரியா நிக்க வேணும்.”

“அல்லாவே! நான் என்ன சேர் பண்ணினேன்?”

“ஒண்டும் செய்யேல்லை. அதுதான் உம்முடைய தகுதி. விதியிலை ‘பல்கலைக்கழக ஊழியர் எவரும்’ எண்டு கிடக்கு. விரிவுரையாளர் எண்டு போட மறந்துபோச்சினம். நீரும் எழுதும், ஸ்டோர் கீப்பர் சுந்தரலிங்கமும் எழுதட்டும். மூண்டு பேர் ஆச்சு. நான் வெல்லுவன், நீங்கள் ரெண்டு பேரும் தோப்பியள்.”

“தோக்கிறது எனக்கு நல்லா வரும் சேர்.”

“அதுதானே உம்மைக் கேக்கிறன்.”

அன்று இரவே என் எஸ்.எஸ்.சி. மூளையைக் கசக்கினேன். தோற்பதென்றால் ஒழுங்காகத் தோற்க வேண்டும், சேருக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது. உலகத்திலேயே யாருக்கும் உதவாத ஓர் ஆராய்ச்சியை யோசித்தேன். ‘மழைக்காலத்தில் கொக்கோக் கொட்டையில் பூசணம் பிடிப்பதை இருந்து பார்த்தல்’ என்று தலைப்பிட்டேன். தேவையான உபகரணங்கள் என்ற இடத்தில் ‘கொக்கோ, மழை, உட்கார ஒரு பெட்டி’ என்று எழுதினேன். ஏழாவது கேள்வி என்னைச் சற்றுத் தடுமாற வைத்தது: ‘ஆராய்ச்சியின் முடிவு யாது? ஆராய்ச்சி தொடங்குமுன் பூர்த்தி செய்க.’ எனக்குத்தான் தெரியுமே. ‘பூசணம் பிடிக்கும்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

சுந்தரலிங்கம் கொடுத்த தலைப்பு ‘களஞ்சியத்தில் ஆணிகள் காணாமல் போவது ஏன்?’

கொழும்பில் நேர்முகம். நீண்ட மேசை, அதன் பின்னால் சபைத் தலைவர் கலாநிதி ஆறுமுகநாதன், பக்கத்தில் செயலாளர் மக்கீன். தலைவர் ஆங்கிலத்தில் யோசித்து, எங்களுக்காகத் தமிழுக்கு இறங்கி வந்தார். வருகிற வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. மூவரையும் ஒன்றாகவே உட்கார வைத்தார்கள். போட்டி என்றால் போட்டியாளர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமாம்.

முதலில் சேர்.

“உமது இயந்திரம் கொக்கோவைக் காய வைக்குமா?”

“காய வைக்கும் எண்டு நம்பிறன்.”

“நம்புகிறீர். நிச்சயமாகத் தெரியாது?”

“செய்து பாத்தால்தானே ஐயா தெரியும். தெரியாததை அறியிறதுதானே ஆராய்ச்சி.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் கோபமில்லை. ஒரு தகப்பனுடைய கவலைதான் இருந்தது. “மிஸ்டர் உருத்திரமூர்த்தி, இந்தச் சபை ஆறு வருடமாக இயங்குகிறது. இன்றுவரை நாங்கள் மானியம் கொடுத்த ஓர் ஆராய்ச்சிகூடத் தோற்றது கிடையாது. ஏன் தெரியுமா? தெரியாத விஷயங்களுக்கு நாங்கள் மானியம் கொடுப்பதில்லை. பொதுமக்களின் பணம். அதை வைத்துக்கொண்டு ஒன்றைக் கண்டுபிடிக்கப் போய், அது வேறொன்றாக இருந்துவிட்டால் பாராளுமன்றத்தில் யார் பதில் சொல்வது?”

சேர் வாயைத் திறந்தார். மக்கீன் அதற்குள் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்து நான்.

“பூசணம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர். நிச்சயமாகப் பிடிக்குமா?”

“நிச்சயமாப் புடிக்கும் சேர். எங்க ராத்தா வீட்டுல வருஷா வருஷம் புடிக்கிது.”

“எல்லாக் கொட்டையிலுமா?”

“மழை சரியாப் பேஞ்சா ஒண்டும் மிஞ்சாது சேர்.”

“பிடிக்காமல் விட்டால்?”

“அதுக்கு எடமே இல்ல. நாலு வருஷமா அந்தப் பொம்பளை எல்லாம் செஞ்சி பாத்திட்டா.”

தலைவர் மெல்ல எழுந்து நின்றார். மக்கீனும் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். யாராவது இறந்துவிட்டார்களோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

“இந்த நாட்டுக்கு வேண்டியது இந்த மனப்பான்மைதான்,” என்றார் தலைவர். “முடிவை அறிந்துகொண்டு ஆராய்ச்சியில் இறங்குகிற பொறுப்புணர்ச்சி! இவர் ஒரு தொழிலாளி. அடக்கமாக ஒரு பெட்டி கேட்டிருக்கிறார். மற்றவர் நான்கு பீப்பாய் கேட்கிறார்.”

சுந்தரலிங்கத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆணிகள் ஏன் காணாமல் போகின்றன என்பது மேலிடத்துக்கு ஏற்கெனவே தெரியும் என்று மட்டும் சொன்னார்கள்.

மானியம் எனக்குக் கிடைத்தது.

ரயிலில் சேர் என்னைத் தேற்றினார். என்ன மனிதர் பாருங்கள். தோற்றவர் அவர், அழுதவன் நான்.

“தோக்கிறது நல்லா வரும் எண்டீரே, நுஹ்மான்.”

“மன்னிச்சிக்கங்க சேர். வாழ்க்கையில மொத தடவ ஜெயிச்சிட்டேன். வெளங்காமச் செஞ்சிட்டேன்.”

உக்குவளைக்குப் போய்க் கடிதத்தை ராத்தாவுக்கு வாசித்தேன். அதில் நிபந்தனைகள் இருபத்தெட்டு. பதினோராவது இப்படி இருந்தது: ‘ஆய்வுப் பொருளின் இயல்பான போக்கில் எவரும் தலையிடலாகாது. தலையிடுவது அரசாங்க ஆராய்ச்சிக்கு ஊறு செய்ததாகக் கருதப்படும்.’

“அப்படின்னா?” என்றாள் ராத்தா.

“கொக்கோவக் காயப்போடக் கூடாது ராத்தா. அடுப்பு மேலயும் வெக்கக் கூடாது. பூசணம் புடிக்க விட்டுட்டு நான் பெட்டி மேல உக்காந்து பாக்கணும்.”

ராத்தா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “டேய், என்ட கொக்கோ இத்தன வருஷமா சும்மா அழுகினிச்சி. இப்ப கவுமேந்து உத்தரவுல அழுகப் போகுதா?” என்றாள். கோடாலி எங்கே என்று கேட்டாள். மரத்துக்கா எனக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் மாத்தளைத் தபாற்கந்தோரிலிருந்து கொழும்புக்கு டிரங்க் கோல் போட்டேன். மக்கீன் பேசினார்.

“வாபஸ் வாங்கலாமா சேர்?”

“தாராளமா வாங்கலாம். ஆனா அதுக்குப் படிவம் இன்னும் வரல்ல.”

“எப்ப வரும்?”

“படிவம் எப்பிடி இருக்கணும்னு ஆராய ஒரு குழு இருக்கி. அந்தக் குழு எங்ககிட்டத்தான் மானியத்துக்கு விண்ணப்பிச்சிருக்கி. போட்டிக்கு ரெண்டு பேர் குறையிது. நீங்க வேணும்னா ஒரு விண்ணப்பம்...”

போனை வைத்துவிட்டேன். இன்னொரு முறை ஜெயிக்க எனக்குத் தெம்பில்லை.

அந்த ஞாயிறு சேர் உக்குவளைக்கு வந்து என் கடிதத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தார். பதினெட்டாம் நிபந்தனையில் பென்சிலை நிறுத்தினார். ‘ஆய்வுத் தொகுதியுடன் ஒப்பிடுவதற்காக, மாற்றம் அடையாத ஒப்பீட்டுத் தொகுதி ஒன்றைப் பேணல் வேண்டும். அளவு: ____’

“நுஹ்மான், பூசணம் பிடிச்ச கொட்டையைப் பூசணம் பிடிக்காத கொட்டையோடை ஒப்பிட்டுப் பாக்க வேணுமாம். இல்லாட்டி அது விஞ்ஞானமில்லை.”

“சரி சேர்.”

“பூசணம் பிடிக்காத கொட்டைக்கு எங்கை போறது?”

“காயப்போட்டாத்தான்...” என்று இழுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன்.

“அளவு எவ்வளவு எண்டு அவை சொல்லேல்லை. கோடு மட்டும்தான் போட்டிருக்கினம்,” என்றார் சேர். அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தது.

இரண்டு பேரும் கோட்டை நிரப்பினோம். ஒப்பீட்டுத் தொகுதி: இரண்டு ஏக்கர். ஆய்வுத் தொகுதி: ஒரு சிரட்டை.

அடுத்தது, ஒப்பீட்டுத் தொகுதியைப் பேண ஒரு கலம். இயந்திரம் என்று எழுதினால் மறுபடியும் நிச்சயமா, நம்பிக்கையா என்ற வழக்கு வரும். ஆகவே ‘அலுமாரி ஒன்று, தரையோடு பொருத்தியது, புகைபோக்கியுடன்’ என்று எழுதியனுப்பினோம். புகைபோக்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அரசாங்கப் பொருள் வைக்கும் அலுமாரிக்குப் பூட்டு இருக்க வேண்டும், அதைக் காணவில்லையே என்று மட்டும் கேட்டார்கள். பூட்டு உண்டு என்று உறுதியளித்தோம். இரும்புக்கு அனுமதி வந்தது.

செப்டெம்பர் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினோம். சேரின் கணக்கு மிகச் சரியாக இருந்தது, முதல் தடவை மூட்டியபோது புகை மட்டும் கணக்கைப் படிக்காமல் பொருத்துகளின் வழியே மேலே வந்தது. முந்திப் பழுத்த ஒரு பிடிக் கொட்டையைத் தட்டில் போட்டிருந்தோம், அதில் கருவாட்டு வாசம். சேர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பட்டறையில் எனக்குக் கிடைக்கிற ஒரே பெருமை பொருத்துவதுதான். பீப்பாய் விளிம்புகளை மடித்து, ஒன்றை மற்றதற்குள் செருகிப் பற்றவைத்தேன். ராத்தா களிமண்ணில் சாம்பல் குழைத்து மேலே பூசினாள். அடுத்த தடவை புகை மரியாதையாகக் குழாய் வழியே போனது. நான் பக்கவாட்டில் ஒரு பூட்டையும் தொங்கவிட்டேன். அது எதையும் பூட்டவில்லை, ஆனால் நன்றாகப் பூட்டியிருந்தது.

நவம்பரில் மழை பிடித்தது. இரவு பகலாகக் கொட்டியது. கூரைக்குக் கீழே அலுமாரி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இரண்டரை நாளில் கொட்டை காய்ந்து, கையில் எடுத்தால் கலகலத்தது. பிளந்து பார்த்தால் உள்ளே சுத்தமான காப்பி நிறம். ராத்தா ஒரு கொட்டையைப் பிளந்து வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொன்றைப் பிளந்தாள். நம்பிக்கையில்லாமல் ஒரு பத்துக் கொட்டையைப் பாழாக்கினாள். 

ஆய்வுத் தொகுதியாகிய சிரட்டையை, சபை வரப்போகும் வாரத்தில், ஈரக் கொட்டையோடு, மழைச் சாரல் படும் இடமாகப் பார்த்து ஜன்னலில் வைத்திருந்தோம்.

டிசம்பர் முதல் வாரத்தில் சபை பரிசீலனைக்கு வந்தது. ஜீப் அரை மைலுக்கு அப்பால் சேற்றில் இறங்கிவிட, தலைவரும் மக்கீனும் நடந்து வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது அவர்களில் காய்ந்திருந்தது தலைவரின் குரல் மட்டும்தான்.

“அலுமாரி எங்கே?”

காட்டினோம். மக்கீன் பூட்டை இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். பிறகு கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். “சேர், சூடா இருக்கி,” என்றார். தலைவரும் கையை வைத்தார். சற்று நேரத்தில் தலைவரின் கோட் அலுமாரிமேல் விரிந்தது. அடுத்து மக்கீனின் கோட். பிறகு நான்கு காலுறைகள், சப்பாத்துகள், கடைசியில் நனைந்து ஊறிய சபைக் கோப்பு, தாள் தாளாக. ராத்தா இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தாள். இரண்டு அதிகாரிகளும் வெறுங்காலோடு அலுமாரிக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தார்கள்.

“இப்போது பூசணத்தைப் பார்ப்போம்,” என்றார் தலைவர்.

நான் ஜன்னலுக்குப் போனேன். சிரட்டை வெறுமையாக இருந்தது.

“ராத்தா, சிரட்டையில இருந்த கொட்டை எங்க?”

ராத்தா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள். “நேத்தே எடுத்து மத்ததோட போட்டுட்டேன்.”

“ஏன்?”

“ஏனா? நல்ல கொட்டைய ஜன்னல்ல வெச்சி, அழுகு அழுகுன்னு கண்ணால பாத்துக்கிட்டு இருக்க எனக்கு ஏலுமா? ஒரு கையளவா இருந்தாலும் கொக்கோதானேடா!”

சேர் கண்ணை மூடிக்கொண்டார்.  ஊறு செய்தல் என்றால் எத்தனை மாதம் சிறை என்று நான் யோசித்தேன்.

தலைவர் மட்டும் விடவில்லை. தட்டில் கைவிட்டு ஒரு கொட்டையை எடுத்துப் பிளந்தார். “இதிலும் இல்லை.” இன்னொன்று. “இதிலும் இல்லை!” சாக்கைத் திறந்து அடியிலிருந்து எடுத்துப் பிளந்தார். இரண்டு பாதிகளையும் என் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். “மிஸ்டர் நுஹ்மான், எங்களுக்கு வாக்குக் கொடுத்தீர். ஒன்றும் மிஞ்சாது என்றீர். இந்த வீட்டில் ஒரு பூசணங்கூட இல்லை!”

“ஒப்பீட்டுத் தொகுதி நல்லா வந்திருக்கு ஐயா,” என்றார் சேர் மெதுவாக. “இந்தக் கொட்டும் மழைக்குள்ளை இரண்டு ஏக்கர் கொக்கோ காய்ஞ்சிருக்கு.”

“அது எங்கள் நோக்கமல்ல,” என்றார் தலைவர். காய்ந்த காலுறையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு மாட்டிக்கொண்டார். “நோக்கமில்லாமல் நடந்த ஒன்றை இந்தச் சபை பார்க்க முடியாது. நான் அதைப் பார்க்கவில்லை. ஆறு வருடத்தில் முதல் தோல்வி, மக்கீன். எழுதும்.”

மக்கீன் வெதுவெதுப்பான தாளில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு அலுமாரியைத் தட்டிக் காட்டி, “இத என்ன சேர் செய்யிறது? இருபத்துமூணாம் நிபந்தனைப்படி நாம எடுத்துட்டுப் போகணும்,” என்றார்.

ராத்தா தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தாள்.

அந்த நிபந்தனை வரை நானும் சேரும் படித்திருக்கவில்லை. பதினெட்டில் கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே நிறுத்திவிட்டிருந்தோம். தலைவர் கோப்பைக் கையில் வாங்கினார். மழைச் சத்தத்தோடு அவர் வாசித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

“‘ஆராய்ச்சி வெற்றிகரமாக நிறைவேறியதும், உபகரணங்கள் யாவும் கழற்றிச் சபையின் களஞ்சியத்தில் ஒப்படைக்கப்படும்.’ வெற்றிகரமாக நிறைவேறியதும்! மக்கீன், இது நிறைவேறியதா?”

“இல்ல சேர்.”

“அப்படியானால் எப்படிக் கழற்றுவது? கழற்றினால் இது வெற்றி என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? பூசணம் வரும்வரை இது இங்கேதான் நிற்க வேண்டும். வருடாவருடம் அறிக்கை அனுப்பட்டும்.” என் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். “இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளும்.”

எடுத்துக்கொண்டேன். அவர்கள் காய்ந்த சப்பாத்தோடு சேற்றில் இறங்கிப் போனதும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தச் சிரட்டையில் ஒரே ஒரு பூசணம் விட்டிருந்தால் அன்றைக்கே அலுமாரி கொழும்புக்குப் போயிருக்கும். ராத்தா சுடச்சுட ஒரு பிடி கொட்டையை அள்ளிச் சேரின் கையில் வைத்தாள். வேறு எதைக் கொடுப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அது நடந்து ஐந்து வருஷமாகிறது. சேரின் பெயர், தோற்ற விண்ணப்பத்தைத் தவிர, சபையின் எந்தத் தாளிலும் இல்லை. கேட்டால், “நான் அலுமாரிக்காரன்” என்பார். உக்குவளையில் இப்போது பக்கத்துத் தோட்டங்களுக்கும் கொக்கோ காய்கிறது. புஹாரி நானா, பீபி மாமி, பௌத்த பன்சலைக்குப் பின்னால் இருக்கும் சிங்களக் குடும்பம் என்று எல்லோரும் ஒப்பீட்டுத் தொகுதியில் அடக்கம். ஒவ்வொரு ஜனவரியும் நான் சபைக்கு எழுதுகிறேன்: ‘இவ்வருடமும் பூசணம் கிடைக்கவில்லை. வருந்துகிறோம்.’ ஒவ்வொரு பெப்ரவரியும் எனக்குக் கடுமையான எச்சரிக்கை வருகிறது.

இந்த வருஷ எச்சரிக்கையை ராத்தாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் தட்டில் பிந்திப் பழுத்த கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். வெளியே, பருவம் தப்பிய மழை. வாசித்து முடித்ததும் கை நின்றது.

“தம்பி, எனக்கு ஒரே ஒரு பயம்தான். அவங்க எப்பயாவது மனசு மாறி, நீங்க ஜெயிச்சிட்டீங்கன்னு சொல்லிட்டா?”

“சொல்ல மாட்டாங்க ராத்தா,” என்றேன். “அந்த விஷயத்துல அவங்கள நம்பலாம்.”